இலக்கம் 64/9, வெறுங்காணி

சுந்தரலிங்கம் தன் உத்தியோக காலத்தில் ஒரு பிழையும் விட்டதில்லை. இது என் கருத்து அல்ல, அவருடைய கருத்து. கேட்காதவர்களுக்கும் சொல்வார். கண்டிக்கு அருகே ஒரு பிரதேச சபை. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் ஒரு படிவம் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. அதன் வரிமதிப்புப் பகுதியில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞராக இருந்தார். அடுத்த மேசை என்னுடையது.

வரிமதிப்புப் பகுதி என்றால் வீடுகளுக்கு இலக்கம் கொடுக்கிற இடம். நீங்கள் மாடி வைத்து மாளிகையே கட்டலாம், பால் காய்ச்சிக் குடி போகலாம். சபையின் பச்சைப் பட்டைப் புத்தகத்தில் இலக்கம் ஏறாவிட்டால் உங்கள் வீடு உலகத்தில் இல்லை. அந்தப் புத்தகம் சுந்தரலிங்கத்தின் கையில் இருந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். சம்மதத்துக்கு நீலம், மறுப்புக்குச் சிவப்பு. நீலப் பேனா வருஷத்துக்கு ஒன்று போதும், சிவப்புக்கு மாதம் ஒன்று வேண்டும்.

"புத்தகத்துல பிழை வராதுங்க, ஆள்லதான் பிழை வரும்" என்பது அவருடைய வாய்ப்பாடு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மழையில் நனைந்து வந்திருப்பார், கையில் பிள்ளை இருக்கும், அதெல்லாம் அவர் கண்ணில் படாது. "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனால் அந்த நாளைக்கும் ஒரு நாளை இருக்கும்.

2022இல் ஓய்வு பெற்றார். பேராதனைப் பக்கமாக, கொஸ்கஹவத்தை ஒழுங்கை என்கிற குறுகிய மலைப்பாதையில் ஒரு காணி வாங்கி வீடு கட்டினார். இலக்கம் 64/9. அந்தக் காணியை அவர் தெரிந்தெடுத்த விதம் கேட்கத் தகுந்தது. யாரோ ஒரு பெண் அந்த இலக்கத்தைக் கொண்டுவந்து, அதில் தனக்கு வீடு இருக்கிறது, அத்தாட்சிக் கடிதம் வேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்திருக்கிறாள். இவர் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டி, "வெறுங்காணின்னு இருக்கேம்மா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். வெறுங்காணி, வெறுங்காணி என்று சொல்லிச் சொல்லியே அந்தக் காணியின் மேல் அவருக்கு ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. ஓய்வு பெற்ற கையோடு போய்ப் பார்த்தார். உண்மையிலேயே வெறுங்காணிதான். புத்தகம் பொய் சொல்லுமா? வாங்கிவிட்டார்.

வீடு நல்ல வீடு. ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை உள்ளே வருகிற மாதிரி இருக்கும். அந்த மலைதான் தொல்லையும். அதன் மடிப்புக்குள் வீடு இருந்ததால் கைத்தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் கூடக் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி வைத்த மேடையில் ஏறி, முகத்தைக் கன்னொறுவைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால் இரண்டு கோடு வரும். அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் பேசப்பட்டன.

மகள் துஷ்யந்தி வேலைக்கு நேர்முகப் பரீட்சை கொடுத்ததும் அங்கேதான். கொழும்பில் ஒரு கம்பனி, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் கடிதங்களைத் திருத்தி அனுப்பும் வேலை. மழை தூறிக்கொண்டிருந்தது. சுந்தரலிங்கம் குடை பிடித்தார், தாய் புஷ்பம் ஏணியைப் பிடித்தாள், மகள் மேலே நின்று ஆங்கிலம் பேசினாள். வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் ஃபைபர் லைன் இருக்க வேண்டும். அதன் வேகத்தை அளந்து, அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும், அங்கேயே போர்டிங்கில் தங்கி வேலை.

இந்த இடத்தில் சுந்தரலிங்கத்தை நான் கேலி செய்யப்போவதில்லை. மூத்தவன் கனடா போய் ஒன்பது வருஷம். போகும்போது இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்றான். இவர் அந்த வீட்டைக் கட்டியதே மகளுக்காகத்தான். அவளுக்கென்று ஒரு அறை, அதில் ஒரு மேசை, மேசைக்குப் பக்கத்தில் நாலு பிளக் பொயின்ட். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் புஷ்பமும் மலையும்தான். புஷ்பம் ஏற்கெனவே அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசு தட்டி வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தார்.

லைனுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வந்து லைனைப் பூட்டித் தருவதாகத் தொலைபேசிக் கம்பனி சொன்னது. அன்று காலையிலேயே சுந்தரலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் போயிருந்தேன். இருட்டும் வரை ஒருவரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர்த் தாங்கி மேடையில் ஏறி, கம்பனிக்குக் கூப்பிட்டார். ஏணியைப் பிடித்தவன் நான். பதினேழு நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை பேசினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பணிவான குரல்.

"ஓம் சேர், உங்கட இணைப்பு நேற்றுப் பின்னேரம் மூண்டு பத்துக்குக் குடுத்தாச்சு."

"எங்கம்மா குடுத்தீங்க? சுவத்துல ஒரு ஓட்டை கூடப் போடலையே."

"சிஸ்டத்தில பூர்த்தி எண்டு கிடக்கு சேர். வாடிக்கையாளர் கையெழுத்தும் வச்சிருக்கிறார்."

"நான்தாம்மா வாடிக்கையாளர். நான் கையெழுத்தே வைக்கல."

"வச்சிருக்கிறியள் சேர். சிஸ்டத்தில இருக்கு. இணைப்பு திருப்தியா எண்டு உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும், அதுக்கு மட்டும் பதில் போட்டு விடுங்கோ."

சுந்தரலிங்கம் போனைக் கீழே இறக்கினார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பாத்தீங்களா அநியாயத்தை? வீட்டுச் சொந்தக்காரன் நான் நேர்ல நின்னு இல்லைங்கிறேன், இவ சிஸ்டத்தைப் பார்த்து இருக்குங்கிறா. சிஸ்டம் பெருசா, மனுஷன் பெருசா?"

நான் ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கேள்வியை முப்பத்தொரு வருஷம் நான் கேட்டிருக்கிறேன், கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலாக. அதை அன்று அவரிடம் சொல்லியிருந்தால் ஏணியோடு என் மேல் விழுந்திருப்பார்.

புதன்கிழமை லைன்காரர்கள் வந்தார்களா என்று விசாரிக்க, ஒழுங்கையின் அடிவாரத்தில் இருக்கும் சின்னமுத்துவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம்.

"வந்தாங்களே. ரெண்டு பேரு, ஏணி எல்லாம் கொண்டுட்டு வந்தாங்க" என்றான் சின்னமுத்து. "அறுபத்தி நாலு பை ஒம்போது எங்கன்னு கேட்டாங்க. பஸீஹா வீட்டைக் காட்டிவிட்டேன்."

"எந்தப் பஸீஹா?"

"இடது பக்கமா படி ஏறிப் போனா கேக் அடிக்கிற பொம்பள. இந்த லேன்ல 64/9ன்னா யாருக்கும் அவதாங்க ஞாபகம் வரும். அந்த நம்பரைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா எத்தன வருஷம் அலைஞ்சா! அங்க ஒரு கிளார்க் இருந்தானாம், அவ குடியிருக்கிற வீட்டையே வெறுங்காணின்னு சொல்லுவானாம்." சின்னமுத்து கிளாசைக் கழுவிக்கொண்டே சிரித்தான். "அவன் கண்ணு ரெண்டும் எங்கதான் இருந்துச்சோ!"

சுந்தரலிங்கம் பிளேன்டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று நானும் கூட இருந்தேன்.

2013 ஆனி மாசம். ஒழுங்கைக்கு இலக்கம் இட அவரை அனுப்பினார்கள், துணைக்கு என்னை. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று பார்த்து இலக்கம் இட வேண்டும் என்பது விதி. மழையோ மழை. மேலே ஏறினால் நூற்று முப்பத்திரண்டு படி, படிக்கு நாலு அட்டை. நாங்கள் இதே கடையில், இதே வாங்கில் உட்கார்ந்தோம். நில அளவைப் படத்தை மேசையில் விரித்து, ரோல்ஸ் கடித்துக்கொண்டே அவர் இலக்கங்களை எழுதினார். ஒழுங்கை பாதி வழியில் இரண்டாகப் பிரிவது அந்தப் படத்தில் இல்லை. படத்தில் தெரிந்த வலக்கிளைக்கு ஒன்றிலிருந்து பதினொன்று. பிறகு பீயோன் தகட்டைக் கொண்டுபோய் இடக்கிளையிலும் ஒன்றிலிருந்து அடித்துவிட்டு வந்தான். மேலே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. 'நேரில் பரிசோதித்தேன்' என்று எழுதி அவர் கையெழுத்து வைத்தார், சாட்சிக்கு நான் வைத்தேன். இடக்கிளையின் ஒன்பதில் பஸீஹாவின் வீடு இருந்தது. வலக்கிளையின் ஒன்பதில் வெறும் புல் இருந்தது. புத்தகத்துக்கு ஏறியது புல்.

"ஏறிப் பார்ப்போமா?" என்றேன்.

பன்னிரண்டு வருஷம் பிந்தி, சுந்தரலிங்கம் அந்த இடக்கிளைப் படிகளில் ஏறினார். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

கதவு திறந்தே இருந்தது. சபையின் தகடு துருப்பிடித்துப் போயிருந்ததால், ஒரு பலகையில் 64/9 என்று பெயின்ட் அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே சுவரில், ஹிஜ்ரி கலண்டருக்குப் பக்கத்தில், புத்தம் புது ரவுட்டர். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வெண்ணெய் மணத்தோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அல்லாஹ்! சேரா? வாங்க வாங்க, இரிங்க. எனக்குத் தெரியும் சேர், நீங்கதான் அனுப்பீப்பீங்கன்டு. மகள் றமீலாட்டயும் சென்னேன், அந்த சேர் பென்ஷன் போன பொறகும் மறக்காம நம்மட வேலய செஞ்சி தந்தீக்காருன்டு!"

சுந்தரலிங்கம் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"எத்தன கடிதம் தந்தீப்பேன் சேர்! ஏச மாட்டீங்கன்டா ஒன்டு செல்றேன். நான் ஒங்களுக்கு நெறய ஏசீக்கேன். மன்னிச்சுக்கோங்க. லைன் பூட்டின அன்டைக்கே மனுசனுக்குக் கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்தோம். ஆறு வருஷத்துக்குப் பொறகு ஊட்டக் காட்டினேன். மனுசன் அழுதுட்டாரு."

பட்டர் கேக் வந்தது. உண்மையைச் சொல்லத்தான் அவர் படி ஏறினார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒரு மனுஷன் வாயில் கேக்கை வைத்துக்கொண்டு, 'இது எனக்கு வந்த லைன், கழற்றிக் கொடு' என்று எப்படிச் சொல்வான்? இரண்டு துண்டு சாப்பிட்டார். புஷ்பத்துக்கு ஒரு பொதி கட்டிக் கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை சபைக்குப் போனோம். அவருடைய கதிரையில் இப்போது பிரதீஸ் என்ற இளைஞன் இருக்கிறான். மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று வரவேற்றான், உட்காரச் சொன்னான், எல்லாவற்றையும் கேட்டான். பிறகு பச்சைப் பட்டைப் புத்தகத்தைத் திறந்தான்.

"ஒரே ஒரு 64/9தான் சேர் இருக்கு. வீடு, உங்க பேர்ல. ரெண்டாவது ஒண்ணு இல்லையே."

"இருக்கு தம்பி. நேத்து நான் அங்க கேக் சாப்பிட்டேன்."

"சாப்பிட்டிருப்பீங்க சேர். ஆனா புத்தகத்துல பிழை வராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சுந்தரலிங்கம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வழி ஒன்று இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் என்று சபை ஒரு கடிதம் கொடுத்தால் லைனை மாற்றிப் பூட்டக் கம்பனி சம்மதிக்கும். புதிதாக விசாரணை என்றால் மூன்று மாசம். ஆனால் இந்தப் பிழையைப் பற்றி எவராவது முன்பே எழுத்தில் முறையிட்டு, அதில் சபையின் முத்திரை இருந்தால், பிரதீஸ் அன்றைக்கே கடிதம் கொடுக்கலாம்.

"அப்படி யாராச்சும் முறைப்பாடு குடுத்திருக்காங்களா சேர்?"

கொடுத்திருக்கிறாள். ஒன்பது தடவை கொடுத்திருக்கிறாள். சபையின் பிரதிகளைக் கறையான் தின்றுவிட்டது. இனி அவளுடைய பிரதிகள்தான். தனக்கு லைன் கிடைக்க வேண்டுமானால், அவளிடம் போய், உனக்கு வந்த லைன் உனக்கு வந்ததல்ல என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க உன் பைலையே தா என்று கேட்க வேண்டும். வீட்டில் சூட்கேஸ் இப்போது துஷ்யந்தியின் கட்டிலுக்கு மேலே ஏறியிருந்தது. பாதி உடுப்பு அடுக்கியாயிற்று.

அன்று பின்னேரமே மறுபடி படி ஏறினோம். இந்தத் தடவை அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி," என்றார். கவுண்டரில் இருந்த காலத்தில் 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார். "அந்த லைன் நான் அனுப்பினது இல்ல. அது எனக்கு வந்தது. நம்பர் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணு. போட்டது நான்தான். மேல வந்து பாக்காம கீழ கடையில இருந்தே போட்டுட்டேன்."

பஸீஹா ரவுட்டரைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். அடுப்படியில் ஓவன் டிங் என்றது. அவள் போகவில்லை.

"அப்ப என்ட ஊடு வெறுங்காணியா ஈந்தது..."

"என்னாலதான்."

அவர் பைலைக் கேட்டார். மகளுக்காக, நாளைக்கு நாலு மணி, கொழும்பு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்:

"நாளைக்கு வாங்க சேர்."

அவர் திரும்பி நடந்தார். அந்த இரண்டு வார்த்தை எப்படி விழும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். பதினோரு படி இறங்கியிருப்போம், மேலேயிருந்து சத்தம் வந்தது.

"சேர்! சும்மா சென்னது. ஒரு தரமாவது சென்னாத்தான் எனக்கு மனசு ஆறும். ஏறி வாங்க."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நீல நிறப் பைல், மூலைகள் பிளாஸ்டர் ஒட்டிக் காப்பாற்றப்பட்டவை. உள்ளே ஒன்பது கடிதங்கள், வருஷ ஒழுங்கில். ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் சபையின் முத்திரை. முத்திரைக்குக் கீழே சிவப்பு மையில் ஒரே வாசகம்: 'வெறுங்காணி. நடவடிக்கை தேவையில்லை.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அழகாக எழுதுவார், அதை மறுக்க முடியாது.

எட்டாவது கடிதத்தில் அவர் விரல் நின்றது. 2020 கார்த்திகை. 'ஐயா, கொரோனாவால் பாடசாலை பூட்டியுள்ளது. என் மகள் றமீலா சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். பாடமெல்லாம் போனில் நடக்கிறது. வீட்டில் சிக்னல் இல்லாததால் பிள்ளை சந்தியில் தெருவோரம் குடை பிடித்துக்கொண்டு படிக்கிறாள். லைன் எடுக்க வீட்டு அத்தாட்சிக் கடிதம் ஒன்று தந்து உதவவும்.' கீழே சிவப்பில், வெறுங்காணி. நடவடிக்கை தேவையில்லை.

"பிள்ளை பாஸ் பண்ணிச்சா?" என்று கேட்டார்.

"கணக்குல பெய்ல் சேர். ரெண்டாந்தரமும் எழுதினா, சரி வரல்ல. இப்ப டவுன்ல ஒரு போன் கடைல நிக்கிறா. டேட்டா காட் விக்கிறா."

சுந்தரலிங்கம் அழுதார் என்று எழுத எனக்கு ஆசை. அழவில்லை. பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை. அந்த ரோல்சில் பாதி நான் தின்றது, அந்தச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலை பிரதீஸ் ஒன்பது கடிதத்துக்கும் போட்டோக் கொப்பி எடுத்தான். அவனுக்கு இன்னும் ஒன்று தேவைப்பட்டது, பிழை எப்படி நேர்ந்தது என்று ஒரு விளக்கம். சுந்தரலிங்கம் நீலப் பேனாவை எடுத்தார். 'இலக்கம் இட்ட உத்தியோகத்தர் இடத்தைப் பார்வையிடவில்லை. அடிவாரத்துத் தேநீர்க்கடையில் இருந்தே இட்டார். முறையிட்டவரை எட்டு வருடம் அலைய வைத்தார். அந்த உத்தியோகத்தர் நான்.' கையெழுத்து வைத்தார். நானும் கீழே வைத்தேன். எங்கள் இருவரின் உத்தியோக வாழ்க்கையிலும் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை அது ஒன்றுதான்.

பதினொன்றரைக்குச் சபைக் கடிதம் கையில். பன்னிரண்டேகாலுக்குக் கம்பனிக் கிளையில் நின்றோம். அங்கிருந்த மிஸ் கடிதத்தைப் படித்தாள், மிகவும் அனுதாபப்பட்டாள். லைனை இடம் மாற்றப் பதினாலு வேலை நாள் என்றாள்.

வீட்டுக்குப் போனதும் சுந்தரலிங்கம் மகளின் அறை வாசலில் நின்று, "சூட்கேஸ் பூட்டு வேலை செய்யுதான்னு பாத்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். பஸீஹா, கையில் மாவு காயாமல் நின்றாள்.

"என்ன சேர் நீங்க, ஒன்டும் செல்லாம பெய்த்தீங்க? சின்னமுத்து சென்னான், நீங்க தொங்கின மொகத்தோட ஏறிப் போனீங்கன்டு. லைன் ஒங்கட பேர்ல, ஊடு 64/9, அதுவும் ஒங்கட நம்பர். பொட்டி எந்தச் சுவத்துல ஈந்தா அந்தக் கம்பனிக்கு என்ன? பிள்ளய அனுப்புங்க!"

எழுதுவினைஞர்கள் இரண்டு பேர், அறுபது வருஷத்துக்கு மேல் அனுபவம். எங்களுக்கு இது தோன்றவில்லை.

துஷ்யந்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கேக் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் வைத்து வேகத்தை அளந்தாள். மூன்று நாற்பத்திரண்டுக்குப் படம் போயிற்று. மூன்று ஐம்பதுக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது, திங்கட்கிழமை இருக்கும் இடத்திலிருந்தே வேலையைத் தொடங்கலாம் என்று. புஷ்பம் சூட்கேசை மறுபடி அலுமாரிக்கு மேலே ஏற்றினாள்.

இப்படியாக மகள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் புறப்படுவாள். கிளை பிரியும் இடம் வரை இறங்கி, இடது பக்கம் ஏறினால் அலுவலகம். பின்னேரம் கேக் மணத்தோடு திரும்பி வருவாள். இடைவேளையில் றமீலாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகக் கேள்வி. மூன்றாந்தரம் எழுதப் போகிறாளாம்.

பதினாலு வேலை நாளும் போயிற்று. லைன்காரர்கள் பெட்டியைக் கழற்ற வந்தபோது சுந்தரலிங்கம் கீழேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த லைன் பஸீஹாவின் பெயருக்கே மாறட்டும், தனக்குப் புதிதாக ஒன்று போதும் என்றார். அவர் செய்த நல்ல காரியங்களின் பட்டியல் நீளமானது அல்ல, அதனால் இதைக் குறித்து வைக்கிறேன்.

சபையும் தன் திருத்தத்தைச் செய்து முடித்தது. முந்திக் குடியிருந்த உரிமையில் பஸீஹாவின் வீடு 64/9, சுந்தரலிங்கத்தின் வீடு இனி 64/9A. புது லைனுக்குக் கம்பனி வீட்டு அத்தாட்சிக் கடிதம் கேட்டது. அதை எடுக்கப் பிரதீசிடம் போனோம். அவன் புத்தகத்தைத் திறந்தான், பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. 64/9A வெறுங்காணின்னுதான் இருக்கு."

"என்ன தம்பி சொல்றீங்க? நான் அதுல குடியிருக்கேன். எம் பொண்டாட்டி அதுல சமைக்கிறா."

"தெரியும் சேர். போன கிழமை நானே வந்து சாப்பிட்டேனே, நல்ல சாம்பார். ஆனா புதுசா உண்டாக்கிற இலக்கத்தை அடுத்த பொது மதிப்பீடு வரைக்கும் வெறுங்காணியாத்தான் பதியணும்னு ஒரு சுற்றறிக்கை இருக்கு. 2016ல வந்தது."

"எந்த மடையன் அடிச்சான் அதை?"

பிரதீஸ் சுற்றறிக்கையைத் திருப்பிக் காட்டினான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடுத்த பொது மதிப்பீடு 2028இல். அது வரை மாதம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து வைத்தால் நல்லது என்று பிரதீஸ் சொன்னான். முதல் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தார். அவன் முத்திரை குத்தி, பிரதியைக் கையில் கொடுத்தான்.

அன்று பின்னேரம் பஸீஹாவிடம் போய்ச் சொன்னார். துஷ்யந்தி ஜன்னலோரம் காதில் ஹெட்போனோடு வேலை செய்துகொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. பஸீஹா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, அந்த நீலப் பைலை எடுத்தாள். ஒன்பது கடிதங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கேக் தட்டுக்கு அடியில் போட என்று ஒதுக்கி வைத்தாள். சபையிலிருந்து அவளுக்கும் வந்திருந்த, சுந்தரலிங்கம் நீல மையில் எழுதிய விளக்கத்தின் பிரதியை மட்டும் தன் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டாள். வெறும் பைலைத் தட்டித் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"வெச்சிக்கோங்க சேர். நல்ல பைல். பதினொரு வருஷம் தாங்கிச்சி."

சுந்தரலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.